மருந்தின் நான்காம் கூறு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று நம் முன்னோர் கூறிப் போந்தனர். அச்செல்வத்தை இழந்தவர் அதனை மீட்கப் பிறிதொரு செல்வத்தைச் செலவிடல் வேண்டும். இளைஞனுக்கு அச்செலவு என்றோ ஒருமுறை நேர்வது. முதியவனுக்கோ திங்கள்தோறும் நேர்வது. இளைஞன் செலவிட்ட பொருளை மீண்டும் ஈட்டுவான். முதியவன் ஈட்டுங் காலத்தைக் கடந்து நிற்கின்றான். பொருள் குறையுங் காலத்தே நோய் மிகுதல் முதுமைக்கே உரிய துன்பமாகும். இத்துன்பம் யாங்ஙனம் விளைகின்றது, அதனைத் தணித்தற்கு நம் நாட்டில் உள்ள வழிகள் யாவை, வழிகள் இருந்தும் முதியோர் பலர் அவற்றை அடையாமை ஏன் என்பவற்றை என் ஊரைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குறளில் மருந்து என்பது தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயாளி, மருத்துவன், மருந்து, நோயாளியின் அருகிருந்து பணி செய்வோன் என்பன அந்நான்கு. உரையாசிரியராகிய பரிமேலழகர் இவை ஒவ்வொன்றற்கும் நந்நான்கு இயல்புகளை எடுத்துரைக்கின்றார். நோயாளிக்கு வேண்டியவற்றுள் அவர் முதற்கண் வைப்பது பொருளுடைமை. அருகிருப்போனுக்கு வேண்டியவற்றுள் அன்பும் அறிவும் இடம் பெறுகின்றன. வகுப்பில் இப்பகுதியைப் பயின்ற நாளில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பொருளில்லாதவனுக்கும் நோய் வருகின்றதே, அவன் என் செய்வான் என்று ஆசிரியரை வினவினேன். "உன் ஊரில் சென்று கேட்டுப் பார்" என்பதே அவர் தந்த விடை. அவ்வாறே சென்று கேட்டேன். கேட்டறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

எம்மூர்

மண்ணூர்பேட்டை சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில் பாடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே உள்ளது. அதனை அடுத்துப் பரந்து கிடப்பது 1964-ஆம் ஆண்டில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. அதற்கு முன்னரே, 1949-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் தொழில் நடத்திற்று. 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகிய தொழிற்சாலைகள் எழுந்தன. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சிறு உறுப்புகளைக் கடைந்தும் வார்த்தும் அழுத்தியும் கொடுக்கும் பட்டறைகள் அவற்றைச் சூழ்ந்து பெருகின. லேத்து, மில்லிங், பிரஸ் என்னும் சொற்கள் எம்மூர்ச் சிறுவர்க்கும் தாய்மொழிச் சொற்கள் போன்றனவே.

அம்பத்தூரில் இருந்த டன்லப் டயர்த் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஆயினும் பேருந்து நிறுத்தம் ஒன்று இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆலைகள் மறைந்தாலும் பெயர் எஞ்சுவது போல, பட்டறைகள் மாறினாலும் அவற்றில் உழைத்த மக்கள் எஞ்சியிருக்கின்றனர். இருபது வயதில் பட்டறை புகுந்தோர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துள்ளனர். இஃது எம்மூருக்கு மட்டும் உரிய நிலையன்று. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பத்துப்பேர்க்குச் சிறிது மேற்பட்டோர் அறுபது வயது நிரம்பியவர். 2021-ஆம் ஆண்டில் இது நூற்றுக்கு 13.6 ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டனர். கேரளத்தை அடுத்து முதியோர் பங்கு மிக்க பெருமாநிலம் நம்முடையதே.

நோயாளியின் பொருள்

முதியோர் கையில் வரும் பொருள் எவ்வளவு என்பதை முதற்கண் காண்போம். பெரிய ஆலைகளில் பணிபுரிந்து வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்திருந்தோர்க்கு 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி திங்கள்தோறும் ஒரு தொகை கிடைக்கின்றது. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் கீழெல்லை 1,000 ரூபாயாக வரையறுக்கப்பட்டது. நிதியில் சேராத சிறு பட்டறைத் தொழிலாளர்க்கும், வீட்டு வேலை செய்த மகளிர்க்கும் அதுவும் இல்லை. அன்னோருள் ஆதரவற்றோர்க்கென அமைந்தது அரசின் முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் இது 1962-ஆம் ஆண்டில் திங்களுக்கு 20 ரூபாயாகத் தொடங்கிற்று. 2011-ஆம் ஆண்டில் 1,000 ரூபாய் ஆயிற்று. 2023-ஆம் ஆண்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது.

ஆயிரத்து இருநூறு ரூபாயை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு நாற்பது ரூபாய் ஆகும். அரிசியை நியாயவிலைக் கடை விலையின்றித் தருகின்றது. பருப்பு, காய், பால், விளக்கு, துணி, பேருந்து, மாத்திரை ஆகிய பிறவெல்லாம் அந்நாற்பது ரூபாயினின்றே வருதல் வேண்டும். மக்கள் ஆதரிப்பின் துன்பம் குறையும். ஆனால் மகனும் ஒப்பந்தக் கூலியாயின், பேரப்பிள்ளையின் கல்விக் கட்டணமும் பாட்டியின் மருந்தும் ஒரே பையினின்று எடுக்கப்படுவனவே. அங்ஙனம் எடுக்குங்கால் பாட்டியே முன்வந்து, "எனக்கு இப்போது ஒன்றும் இல்லை" என்று கூறிவிடுவது எம்மூர் வீடுகளில் கண்கூடு.

இனி, செலவின் இயல்பை நோக்குவோம். மருத்துவச் செலவு என்றதும் நம் நினைவுக்கு வருவது அறுவை மருத்துவமும் பல நாள் வைத்தியசாலை வாழ்வுமே. முதுமையின் செலவு பெரும்பாலும் அத்தகையதன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு வலி, இருமல், கண் மங்குதல் ஆகியன வாழ்நாள் முழுதும் உடனிருப்பன. இவற்றிற்கு வேண்டுவன நாள்தோறும் மாத்திரை, சில திங்களுக்கொருமுறை இரத்தச் சோதனை, அவ்வப்போது மருத்துவரைக் காணல் என்பனவே. வெள்ளம் ஒரே நாளில் வீட்டை இடிக்கும். கசிவோ நாடோறும் சுவரை அரிக்கும். முதியோர் செலவு கசிவு போன்றது.

நாடு முழுவதற்குமான கணக்கும் ஈண்டு நோக்கத்தக்கது. இந்தியாவில் மருத்துவத்திற்காகும் மொத்தச் செலவில் மக்கள் தம் கைப்பொருளாகத் தரும் பங்கு 2013-14-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 64.2 ஆக இருந்தது. 2021-22-ஆம் ஆண்டில் அது 39.4 ஆகக் குறைந்தது. இது மகிழத்தக்க மாற்றமே. ஆயினும் நூற்றில் நாற்பது பங்கு இன்னமும் மக்களின் மடியினின்றே வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

பொருள் போதாதவழி முதியவர் செய்வது யாது? மருந்தைக் குறைத்தலே. என் தாயைப் பெற்ற பாட்டனார் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறையில் இருபத்தாறு ஆண்டு லேத்து இயக்கியவர். ஐம்பத்தெட்டாம் வயதில் ஓய்வு பெற்றார். நீரிழிவுக்குக் காலையும் மாலையும் உண்ணவேண்டிய மாத்திரையை அவர் காலையில் மட்டும் உண்டு வந்தார். ஓராண்டு காலம் இஃது எங்களில் எவர்க்கும் தெரியாது. ஒரு நாள் மருந்துக் கடைக்கு என்னை அனுப்பியபோது, முப்பது நாள் மாத்திரை எங்ஙனம் அறுபது நாள் வந்தது என்று எண்ணிப் பார்த்தே யான் உணர்ந்தேன். அவர் வெட்கத்தோடு நகைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இங்ஙனம் மருந்தைக் குறைத்தலால் வருங் கேடு உடனே தோன்றாது. அதுவே அதன் கொடுமை. இரத்தத்தில் மிகுந்து நிற்கும் சர்க்கரை நுண்ணிய குழாய்களை மெல்லச் சிதைக்கின்றது. கண்ணின் உட்டிரையும், சிறுநீரகமும், காலின் நரம்புகளும் முதலில் பழுதுறுகின்றன. நரம்பு மரத்த காலில் முள் தைத்தாலும் வலி தெரியாது. வலி தெரியாமையால் புண் கவனிக்கப்படாது. கவனியாத புண் அழுகிக் காலையே நீக்க நேரிடும். இரத்த அழுத்தமும் பெரும்பாலும் வலியின்றி வளர்ந்து, ஒருநாள் பக்கவாதமாக வெளிப்படுகின்றது. சில ரூபாயை மிச்சம் பிடித்தவன் பல்லாயிரம் ரூபாய்க்கும், அதனினும் மேலாகத் தன் உறுப்புக்கும் உலை வைத்தவனாகின்றான். முதியோரின் வறுமை அவர் நோயைப் பெருக்குகின்றது. பெருகிய நோய் வறுமையை மிகுவிக்கின்றது.

மருத்துவரும் மருந்தும்

பொருளுடைமை தனி நோயாளியின் இலக்கணமாக இருந்த காலம் மாறி, சமுதாயம் பலருடைய பொருளைச் சேர்த்து வைத்து நோயுற்றவனுக்கு உதவும் காலம் தோன்றியுள்ளது. ஜெர்மனியில் பிஸ்மார்க்கு ஆட்சியில் 1883-ஆம் ஆண்டு தொழிலாளர் நோய்க் காப்பீடும், 1889-ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியமும் சட்டமாயின. இங்கிலாந்தில் 1942-ஆம் ஆண்டு பெவரிட்ஜ் அறிக்கையின் பயனாக 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் நாட்டு மருத்துவப் பணி தொடங்கிற்று.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. பேராசிரியர் பி.பி. அதர்கார் 1944-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றி அறிக்கை அளித்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1948-ஆம் ஆண்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிற்று. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் நேரு பெருமகனார் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மக்கள் இதனை இ.எஸ்.ஐ. என்றே வழங்குவர். பத்துப்பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தொழிற்சாலைகளில், வரையறுத்த ஊதிய எல்லைக்கு உட்பட்ட தொழிலாளர் இதிற் சேர்கின்றனர். 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு 0.75-உம், முதலாளியிடமிருந்து 3.25-உம் பெறப்படுகின்றன. சென்னையில் அயனாவரத்திலும் கலைஞர் கருணாநிதி நகரிலும் இத்திட்டத்தின் பெரிய மருத்துவமனைகள் உள்ளன.

பணியில் இருக்கும்வரை இ.எஸ்.ஐ. உதவும் என்பதைத் தொழிற்பேட்டையில் அறியாதார் இலர். ஓய்வு பெற்ற பின்னும் அது உதவும் என்பதை அறிந்தார் மிகச் சிலர். குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து, ஓய்வு பெறும் வயதை எய்திப் பணியினின்று விலகிய தொழிலாளி, திங்களுக்குப் பத்து ரூபாய் வீதம் ஓராண்டிற்கு 120 ரூபாயை முன்னதாகச் செலுத்தினால், தமக்கும் தம் மனைவிக்கும் அல்லது கணவருக்கும் மருத்துவ உதவி பெறலாம் என்று அத்திட்டத்தின் விதி கூறுகின்றது. ஆண்டுதோறும் அத்தொகையைச் செலுத்தி உரிமையைப் புதுப்பித்துக் கொள்ளலாம். நூற்றிருபது ரூபாய் என்பது தேநீர்க் கடையில் சில நாள் ஆகும் செலவே. அச்சிறு தொகைக்கு இருவரின் ஓராண்டு மருத்துவம் கிடைக்கின்றது. என் பாட்டனாரோ, "வேலை முடிந்தது, கார்டும் முடிந்தது" என்றே பல்லாண்டு எண்ணியிருந்தார். இருபத்தாறு ஆண்டு ஊதியத்தினின்று கொடுத்து ஈட்டிய உரிமை அவர் பெட்டியின் அடியில் உறங்கிக் கிடந்தது.

நால்வர் ஐவர் மட்டும் வேலை செய்யும் பட்டறையிலிருந்து வந்தோர்க்கு இவ்வுரிமை இல்லை. அன்னோர்க்கு அரண் அரசு மருத்துவமனைகளும் மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்களுமே. 2011-ஆம் ஆண்டில் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தமையின், எம்மூரும் இன்று மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது. அரசு மருத்துவ நிலையங்களில் மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. மருந்துகளை மொத்தமாக வாங்கித் தரம் சோதித்து எல்லா மாவட்டங்கட்கும் அனுப்பும் பொருட்டு 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. பல கடைக்காரர் ஒவ்வொருவராக வாங்குங்கால் மிகும் விலை, ஒருவரே பெருவாரியாக வாங்குங்கால் குறையும் என்பதே அதன் அடிப்படை. பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றத் தொடங்கின.

வைத்தியசாலையில் தங்கிச் செய்துகொள்ளும் பெரிய மருத்துவத்திற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டத்தின் வழியில் 2012-ஆம் ஆண்டில் இஃது உருப்பெற்றது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கட்கு என்று முதலில் இருந்த எல்லை பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2018-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் காப்பீட்டுத் திட்டத்தோடும் இஃது இணைக்கப்பெற்றது. குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவம் பெற இடம் உண்டாயிற்று. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் நடுவண் அரசு எழுபது வயது நிரம்பியவர்க்கு வருமானம் நோக்காத காப்பீட்டையும் அறிவித்துத் தொடங்கிற்று. ஆயினும் இக்காப்பீடுகள் வெள்ளத்திற்கு அணை போன்றன. நாள்தோறும் ஒழுகும் மாத்திரைச் செலவாகிய கசிவை அவை அடைப்பதில்லை.

அக்கசிவை நோக்கிச் செய்யப்பட்ட முயற்சியே மக்களைத் தேடி மருத்துவம். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது தொடங்கப்பெற்றது. பெண் தன்னார்வலர் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, மருத்துவர் குறித்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கின்றனர். படுக்கையில் கிடப்போர்க்கு உடற்பயிற்சி மருத்துவமும் வலி தணிக்கும் மருத்துவமும் வீட்டிற்கே வருகின்றன. 2024-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதொன்றும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது.

முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறையிலும் சென்னைக்கு முன்னிடம் உண்டு. 1978-ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு உழைத்தவர் டாக்டர் வ.செ. நடராசன் அவர்கள். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோர்க்கான தேசிய மையமும் திறக்கப்பெற்றது.

அருகிருப்போர்

இதுகாறும் கூறியவற்றால் மருத்துவரும் மருந்தும் பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கின்றமை புலனாம். பொருளுடைமையாகிய குறையையும் அரசு ஓரளவு நிரப்பியுள்ளது. அங்ஙனமாயின் என் பாட்டனார் மாத்திரையைக் குறைத்தது ஏன்? வள்ளுவர் கூறிய நான்காம் கூறு இல்லாமையே காரணம் என்பது என் துணிபு. மருத்துவமனையில் கட்டணம் இல்லை. ஆனால் மருத்துவமனைக்குச் செல்வதற்கு விலை உண்டு. அவ்விலையைக் கணக்கிடுவார் இலர்.

முதியவர் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லும் நாளை எண்ணிப் பாருங்கள். விடியலில் எழுந்து பேருந்து ஏறவேண்டும். பேருந்துக் கட்டணம் பெரிதன்று. 2021-ஆம் ஆண்டு மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. 2016-ஆம் ஆண்டில் சென்னையில் அறுபது வயது நிரம்பியோர்க்குத் திங்களுக்குப் பத்து இலவசப் பயண வில்லைகள் வழங்கும் முறையும் வந்தது. ஆனால் உயர்ந்த படியில் கால் வைக்க ஒரு கை வேண்டும். சீட்டுப் பெற ஒரு வரிசை, மருத்துவரைக் காண ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை, மருந்து வாங்க ஒரு வரிசை. முடிவைக் காண மற்றொரு நாள். அறைகளின் எண்ணும் பெயரும் எழுதிய பலகை கண் மங்கியவர்க்குத் தெரிவதில்லை. மகன் உடன் வரின் அவனுக்கு ஒரு நாட்கூலி போயிற்று. இருமுறை வந்தவன் மூன்றாம் முறை வரத் தயங்குவான். அவனைத் துன்புறுத்த விரும்பாத தந்தை, "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்.

உதவித்தொகைக்கோ காப்பீட்டு அட்டைக்கோ விண்ணப்பிப்பதும் இத்தகையதே. வருமானச் சான்று ஓரிடம், குடும்ப அட்டை ஓரிடம், ஆதார் திருத்தம் ஓரிடம். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். கைப்பேசியோ மகன் சட்டைப் பையில் ஆலைக்குள் இருக்கும். விரற்பதிவு வேண்டும், முப்பதாண்டு இரும்பைப் பிடித்துத் தேய்ந்த விரலைப் பொறி எளிதில் ஏற்பதில்லை. உழைப்பின் அடையாளமே உரிமைக்குத் தடையாகின்றது. இவற்றை நோக்குங்கால், பரிமேலழகர் அருகிருப்போனுக்கு அன்போடு அறிவையும் வேண்டியது எத்துணைப் பொருத்தம் என்பது விளங்கும். அன்புடைய மகனுக்கு நேரமில்லை. நேரமுடைய அண்டை வீட்டார்க்கு விதி தெரியாது.

சென்ற கோடை விடுமுறையில் பாட்டனாருக்கு அருகிருப்போராக யானே செல்வதென்று துணிந்தேன். முதல் நாள், ஓய்வு பெற்றமைக்குச் சான்று வேண்டும் என்று கூறினர். இரண்டாம் நாள் பழைய பட்டறைக்குச் சென்றோம். அது கைமாறியிருந்தது. புதிய உரிமையாளரின் கணக்கர், பழைய ஏடுகளைத் தேடி வைப்பதாகவும் ஒரு வாரம் கழித்து வருமாறும் கூறினார். தாத்தா தாம் இயக்கிய லேத்து நின்ற இடத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேறொரு பொறி நின்றது. மூன்றாம் நாள் சான்று கிடைத்தது. அதனைக் கொண்டு சென்றபோது, ஒரு தாளில் தலைப்பெழுத்து முன்னும் மற்றொன்றில் பின்னுமாகப் பெயர் வேறுபட்டிருந்தது. மேசைக்கு அப்பால் இருந்தவர், "பெரியவரே, கவலைப்படாதீர்கள்" என்று கூறி, செய்யவேண்டுவதை யான் எழுதிக்கொள்ளுமாறு மெல்ல எடுத்துரைத்தார். நான்காம் நாள் யாவும் நேராயின. நூற்றிருபது ரூபாயைத் தாத்தா தம் மடியினின்றே எண்ணிக் கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.

நான்கு நாளும் என் தந்தையார் விடுப்பு எடுத்திருப்பின் நான்கு நாட்கூலி போயிருக்கும். அதற்கஞ்சியே பல வீடுகளில் இச்செயல் தொடங்கப்படுவதில்லை. கல்லூரி விடுமுறையில் இருந்த எனக்கோ அந்நான்கு நாளும் செலவென்று சொல்லத்தக்கன அல்ல. மாணவரிடம் பொருள் இல்லை. ஆனால் முதியோர்க்கு மிகத் தேவையான நேரமும் எழுத்தறிவும் உண்டு.

நிற்க. நான்காம் கூற்றைத் தற்செயலுக்கு விட்டுவிடாத நாடுகளும் உள. ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. நாற்பது வயது நிரம்பியோர் யாவரும் அதற்குப் பணம் செலுத்துகின்றனர். பராமரிப்பு வேண்டிய முதியவர்க்கு எந்த உதவி, எந்நாளில், எவ்விடத்தில் என்று திட்டமிட்டுத் தருதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர் அமைகின்றார். அருகிருப்போனது அறிவை அந்நாடு ஊதியம் தரும் தொழிலாகவே ஆக்கியுள்ளது. அத்துணைச் செல்வம் இல்லாத நம் அண்டை மாநிலமாகிய கேரளம் வேறொரு வழி கண்டது. 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவ இயக்கம், பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்தார் குழுக்களாகப் பரவிற்று. கடைக்காரர், ஆசிரியர், இல்லத்தரசியர், மாணவர் முதலியோர் பயிற்சி பெற்றுத் தம் தெருவில் படுத்திருக்கும் நோயாளியைச் சென்று கண்டனர். 2008-ஆம் ஆண்டில் அம்மாநில அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. ஜப்பானியர் பணத்தால் செய்ததைக் கேரளத்தார் பெரும்பாலும் அண்டை அன்பால் செய்தனர்.

நாம் செய்யத்தக்கன

மாணவ நண்பர்களே! இக்கல்லூரியில் பயில்வோர் பலர் ஆலைத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள். நம்மில் ஒவ்வொருவரும் நம் தெருவில் உள்ள முதியவர் ஒருவரிடம் சில வினாக்களைக் கேட்டல் கூடும். இ.எஸ்.ஐ.-யில் ஐந்தாண்டேனும் இருந்து ஓய்வு பெற்றவரா? ஆயின் 120 ரூபாய் விதியை அறிவாரா? ஆதரவற்றவராயின் வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாரா? காப்பீட்டு அட்டை உள்ளதா? மக்களைத் தேடி மருத்துவத்தில் அவர் பெயர் பதிவாகியுள்ளதா? மாத்திரையை முழுவதும் உண்கின்றாரா, பாதியாக்குகின்றாரா? இறுதி வினாவை மெல்லக் கேட்டல் வேண்டும். விடை பெரும்பாலும் உடனே வாராது. முதியோர் குறைகளைக் கேட்டு வழிகூற 14567 என்னும் எண்ணுள்ள உதவித் தொலைபேசியும் நாட்டில் உள்ளது. அவ்வெண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுப்பதும் ஓர் உதவியே.

அரசு செய்யவேண்டுவனவும் உள. ஓய்வு பெறும் நாளன்றே தொழிலாளியின் கையில் அவருடைய உரிமைகளைத் தமிழில் எழுதிய ஒரு தாளும், வேண்டிய சான்றும் சேருமாயின், பின்னர் நான்கு நாள் அலைய வேண்டுவதில்லை. உதவித்தொகை விலைவாசியோடு ஒட்டி உயருமாயின் மாத்திரை பாதியாகாது. இவற்றை எடுத்துரைப்பது கற்றோர் கடன். ஆனால் அவை வருமளவும் முதியோரின் நோய் காத்திராது.

இப்பொழுது என் தாத்தா மாத்திரையை இருவேளையும் உண்கின்றார். பாட்டியின் முழங்காலுக்கும் அதே அட்டையில் மருத்துவம் நடைபெறுகின்றது. சென்ற வாரம் ஊருக்குச் சென்றபோது, நாங்கள் நிரப்பிய விண்ணப்பத்தின் படியொன்று பெட்டியில் இல்லாமை கண்டு எங்கே என்று கேட்டேன். தம்மோடு பட்டறையில் பணிபுரிந்த நண்பர்க்குக் காட்டுவதற்காக எடுத்துச் சென்றதாகவும், வரும் திங்கட்கிழமை அவரை அழைத்துக்கொண்டு தாமே செல்லவிருப்பதாகவும் கூறினார். "அங்கே எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றார்.

என் ஆசிரியர் கூறியவாறு ஊரில் கேட்டறிந்த விடை இதுவே. பொருளில்லாத நோயாளிக்கும் வழி உண்டு. அவ்வழியை அறிந்த ஒருவர் அவர் அருகில் இருத்தல் வேண்டும்.